ஒரே பந்து, நான்கு லேன்: கீழக்கரை ஆட்டக்காரர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் டென்பின் பௌலிங் ஆடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "பந்து செத்துப்போச்சு." போன மாதம் வரை வளைந்து வந்து பின்களை அள்ளிய பந்து, இப்போது ஓரத்தில் ஒன்றிரண்டை மட்டும் தட்டிவிட்டுப் போகும். உடனே புதுப்பந்துக்குக் காசு சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் புகார் வந்த ஒரு பந்தைக் கீழக்கரையில் வைத்து நானும் அதன் சொந்தக்காரனும் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் ஒரே நோயாகச் சொன்னதற்குள் வேறு வேறு கோளாறுகள் இருந்தன. அவற்றில் ஒன்றுதான் பந்தினுடையது. அதையும் வீட்டிலேயே சரிசெய்ய முடிந்தது.

ஆட்டக்காரனும் பந்தும்

ஆட்டக்காரன் என் லாத்தா (அக்கா) மகன். கீழக்கரைக்காரன், துபாயில் வேலை. மருமகன் முறை என்பதால் "அவன்" என்றே எழுதுகிறேன். நான் வளைகுடாவில் ஒரு பௌலிங் சென்டரில் பந்து உருளும் லேனில் எண்ணெய் பூசும் மெஷினை ஓட்டியும், பந்துகளுக்கு விரல்துளை போட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். ஆகவே அவன் ஆட்டத்தில் எது கோணினாலும் எனக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்துவிடும்.

வலக்கை ஆட்டக்காரன். பந்தை மணிக்குச் சுமார் 27 கிலோமீட்டர் வேகத்தில் விடுவான். சுழற்சி நிமிடத்துக்கு 350 சுற்றை ஒட்டி இருக்கும். பந்து 15 பவுண்டு, அதாவது 6.8 கிலோ. மேலோடு ரியாக்டிவ் ரெசின் (எண்ணெயை உறிஞ்சும் நுண்துளைகள் உள்ள வகை), உள்ளே சமச்சீரான கோர் (எடைக்கரு). வாங்கியபோது 2000 எண் தேய்ப்புப் பேடில் தேய்த்த மங்கலான மேற்பரப்பு (எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும்).

வழக்கமாக ஆடும் சென்டரில் இந்தப் பந்தை வைத்துக்கொண்டு 300க்கு 200 புள்ளியை ஒட்டியே அடித்துக்கொண்டிருந்தான். பிறகு மூன்று இடங்களில் அடுத்தடுத்து சறுக்கினான்: லீக்கின் இறுதிச்சுற்று, சொந்த சென்டரிலேயே இரவு நேர ஆட்டம், லீவுக்கு வந்தபோது சென்னையில் ஒரு மால். "மாமா, புதுசு ஒண்ணு வாங்கிரட்டா?" என்று கேட்டான். "வாங்குறதுக்கு முந்தி அதை ஊருக்குக் கொண்டா, பாப்போம்" என்றேன். எங்கள் கையில் இருந்த சான்றுகள் அவன் எடுத்த வீடியோக்கள், ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்தப் பின் நின்றது என்று அவன் போனில் குறித்து வைத்திருந்த பட்டியல், இறுதிச்சுற்றில் கொடுத்த எண்ணெய் வரைபடம், அப்புறம் அந்தப் பந்து. அந்தப் பட்டியலை அவன் எழுதி வைத்ததற்கே ஒரு சபாஷ் சொல்ல வேண்டும். வெறும் ஸ்கோரை வைத்து எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

லேனில் மாறுவது எது

ஆட்டக்காரர் தாண்டக்கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் 41½ அங்குலம், அது 39 போர்டு, அதாவது நீளவாக்கில் ஓடும் பலகைக் கீற்றுகள். வலக்கைக்காரர் வலது ஓரத்திலிருந்து எண்ணுவார். இதெல்லாம் எந்த ஊரிலும் மாறாது. மாறுவது மேலே பூசும் எண்ணெய். ஒரு லேனுக்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் வரை தாது எண்ணெயை மெஷின் மெல்லிய படலமாகப் பரப்பும். ஆட்டக்காரர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. சிலவற்றில் 32 அடியிலேயே முடிந்துவிடும், சிலவற்றில் 50 அடி வரை போகும். அதற்கு அப்பால் பின்கள் வரை உலர்ந்த தரை. நம் ஊர்ச் சங்கங்களில் கேரம் ஆடுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பவுடர் உள்ள இடத்தில் ஸ்ட்ரைக்கர் வழுக்கி ஓடும், பவுடர் தேய்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

பந்து முதலில் எண்ணெயில் வழுக்குகிறது, உலர்ந்த தரையைத் தொட்டதும் பிடித்துக்கொண்டு வளைகிறது, கடைசியில் முழுதாக உருள்கிறது. இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பந்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 27 அங்குலம். 60 அடி என்றால் 720 அங்குலம். கொஞ்சமும் வழுக்காமல் உருண்டே போனால் 26, 27 சுற்று சுற்றியாக வேண்டும். அவன் விடும் வேகத்தில் பந்து பின்களை அடைய 2.4 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 350 சுற்று என்றால் அந்த நேரத்தில் 14 சுற்றுதான். தரை பிடித்த பிறகு சுற்று ஏறும் என்பது உண்மைதான், ஆனாலும் பாதையில் பெரும்பகுதியைப் பந்து வழுக்கியே கடக்கிறது. அந்த வழுக்கல் எந்த அடியில் முடிகிறது என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகிறது.

பத்துப் பின்களும் முக்கோணமாக நிற்கும்: முன்னால் 1, அடுத்த வரிசையில் 2, 3, அதன் பின்னால் 4 முதல் 6, கடைசியில் 7 முதல் 10, எல்லாம் இடமிருந்து வலமாக. வலக்கைக்காரர் அடிக்க வேண்டிய பாக்கெட் 1, 3 பின்களுக்கு நடுவே, 17½ஆவது போர்டில் இருக்கிறது. ஒழுங்கான ஸ்ட்ரைக்கில் (முதல் பந்திலேயே பத்தும் சாய்வதில்) பந்து தானாகத் தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டும்தான். மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளிச் சாய்க்கும். அதற்குப் பந்து 6 டிகிரியை ஒட்டிய கோணத்தில் நுழைந்தால் நல்லது. ஓரத்திலிருந்து நேராக விடும் பந்துக்கு ஒன்றரை டிகிரி கிடைத்தாலே அதிகம். வளைவுக்கு இத்தனை பேர் பாடுபடுவது இதனால்தான்.

முதல் லேன்: வழக்கமான சென்டர்

இங்கே போடுவது சுமார் 40 அடி நீளமுள்ள ஹவுஸ் பேட்டர்ன், அதாவது சென்டர்கள் வழக்கமாகப் பூசும் எண்ணெய் அமைப்பு. நடுவில் எண்ணெய் கெட்டி, இரண்டு ஓரங்களிலும் மிகக் குறைவு. நடுவுக்கும் ஓரத்துக்கும் பத்துக்கு ஒன்று என்ற அளவில்கூட வித்தியாசம் இருக்கும். குறி தப்பி வலப்பக்கம் போனால் உலர்ந்த ஓரம் பந்தைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். இடப்பக்கம் தப்பினால் நடு எண்ணெய் அதை வளையவிடாமல் தாங்கும். இரண்டு தவறுக்கும் லேனே கைகொடுக்கிறது. பணம் கொடுத்து ஆட வருகிறவர் சந்தோஷமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகப் போடப்படும் எண்ணெய் இது. நானும் இதைப் போட்டிருக்கிறேன், இதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இதில் மட்டும் ஆடிப் பழகியவர்களுக்குத் தங்கள் துல்லியம் எவ்வளவு, லேன் செய்த உதவி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வாய்ப்பே வருவதில்லை. இவனுக்கும் வரவில்லை. எட்டு, ஒன்பதாவது போர்டுக்குப் பந்தை அனுப்புவான், அது திரும்பி வரும். அவ்வளவுதான்.

இரண்டாவது லேன்: இறுதிச்சுற்று

அவன் கொண்டுவந்த வரைபடத்தில் நீளம் 44 அடி. குறுக்குவாக்கில் நடுவுக்கும் ஓரத்துக்கும் மூன்றுக்கு ஒன்று கூட இல்லை, கிட்டத்தட்ட சமதளம். இதைத்தான் ஸ்போர்ட் பேட்டர்ன் என்பார்கள். ஹவுஸ் பேட்டர்னில் கிடைக்கும் கைத்தாங்கல் இதில் கிடையாது.

பௌலிங்கில் 31 கணக்கு என்று ஒன்று உண்டு. எண்ணெயின் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால், பந்து எண்ணெயை விட்டு வெளியேற வேண்டிய போர்டு ஏறக்குறைய கிடைத்துவிடும். 40 அடி என்றால் ஒன்பது. 44 என்றால் பதின்மூன்று. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அவன் பழக்கப்பட்ட எட்டாவது போர்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தான். அங்கே போன பந்து, பிடிப்பு இல்லாமல் 44 அடி வரை வழுக்கி, மீதமிருந்த 16 அடிக்குள் பாக்கெட்டுக்குத் திரும்ப முடியாமல் 3ஆம் பின் பக்கமே போய் விழுந்தது. பட்டியலிலும் அதே கதைதான்: 2ஆம் பின் தனியாக, 2-4-5-8 கூட்டமாக, அப்புறம் 5-7, 8-10 ஸ்பிளிட்டுகள் (நடுவே இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும் பின்கள்). எல்லாம் பந்து முதல் பின்னை லேசாக உரசிவிட்டுப் போனதன் அடையாளம்.

பந்து வளையவில்லை என்றதும் அவன் வேகத்தைக் கூட்டியிருக்கிறான். பலர் செய்வதுதான். ஆனால் வேகம் கூடினால் வழுக்கல் இன்னும் நீளும். ஆட்டம் போகப் போக 2ஆம் பின் நிற்பது கூடியதே தவிரக் குறையவில்லை.

மூன்றாவது லேன்: சொந்த சென்டரில் இரவு

அதே 40 அடி ஹவுஸ் பேட்டர்ன், அதே பந்து. மாலையில் எண்ணெய் பூசியதும் ஒரு குழு ஆடி முடித்திருக்கிறது. அடுத்தது இவன் குழு. இந்த முறை பாக்கெட்டை அவன் தவறவிடவே இல்லை. நன்றாகத்தான் போய் அடித்தது. ஆனால் 10ஆம் பின் நின்றது. திரும்பத் திரும்ப நின்றது.

இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது லேனில் பந்து வலுவில்லாமல் அடித்தது, மூன்றாவதிலும் வலுவில்லாமல்தான் அடித்தது. அங்கே எண்ணெய் அதிகம், இங்கே குறைவு. காரணங்கள் நேர் எதிர். ஆட்டக்காரன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன, இரண்டுக்கும் அவன் வைத்த பெயரும் ஒன்றே. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் நோய் முற்றும்.

ரியாக்டிவ் பந்துகள் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போவதைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். வலக்கைக்காரர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பாதையில் ஆடுவதால் அந்தப் பாதையில் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த பாதையில் இவன் பந்து பாதி வழியிலேயே பிடித்து வளைந்துவிட்டது. கடைசிப் பத்தடியை வீடியோவில் பாருங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். உயிரோடு இருக்கும் பந்து அந்தப் பத்தடியில் இன்னும் திரும்பிக்கொண்டே இருக்கும். இவனுடையது வளைவை முடித்துக்கொண்டு நேராக உருண்டு வந்தது. திருப்பத்துக்கான சக்தியை முன்னாலேயே செலவழித்துவிட்டு, கோணம் இல்லாமல் பின்களுக்குள் நுழைந்தது.

6ஆம் பின்னும் சாட்சி சொல்லும். வலுவாக அடித்தால் அது துள்ளி எழுந்து 10ஆம் பின்னைச் சாய்க்கும், அல்லது அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போகும். இவன் வீடியோவில் 6ஆம் பின் ஓரக் கட்டரில் (லேன் ஓரப் பள்ளத்தில்) சோர்ந்து படுத்துக்கிடந்தது. தேவைப்பட்டதோ சின்ன வேலைதான்: நிற்கும் இடத்தை இரண்டு மூன்று போர்டு இடப்பக்கம் மாற்றி, குறியையும் ஒன்றிரண்டு போர்டு உள்ளே தள்ளி, எண்ணெய் மிஞ்சியிருக்கும் பாதைக்குப் போவது.

நான்காவது லேன்: சென்னை மால்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் சென்டரே கொடுக்கும் பிளாஸ்டிக் ஹவுஸ் பந்தை நேராக விட்டு ஆடும் இடம், எண்ணெய் மிகவும் குறைவு. அவன் பந்து நடு லேனிலேயே வளைந்து, முதல் பின்னைத் தாண்டி இடப்பக்கம் போய்விட்டது, அல்லது முதல் பின்னின் முகத்தில் நேராக மோதி ஸ்பிளிட்டுகளை விட்டது. வெறுத்துப்போய் அங்கிருந்த பிளாஸ்டிக் பந்தை எடுத்து ஆடினான், ஸ்கோர் ஏறிவிட்டது. "ஓசிப் பந்துல நல்லா வருது, என் பந்துல வரலையே மாமா" என்றான். தன் பந்து செத்தேவிட்டது என்று அவன் முடிவு கட்டியது அன்றைக்குத்தான். ஆனால் அன்று அது வளைந்த வளைவுதான் நான்கு லேனிலும் மிகப் பெரியது. செத்த பந்து அப்படி வளையாது. உலர்ந்த தரைக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக்தான் பொருத்தம், விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கீழக்கரையில் பந்தைப் பார்த்தது

பையைத் திறந்ததும் எண்ணெய் வாடை வந்தது. விரல்துளைகளைச் சுற்றிப் பிசுபிசுப்பு. வளைகுடா வெயிலில் பந்து பல நாள் கார் டிக்கியிலேயே கிடந்திருக்கிறது. ரியாக்டிவ் மேலோட்டில் உள்ள நுண்துளைகள் லேனில் எண்ணெயை உறிஞ்சும், சூட்டில் அதை வெளியே விடும். மேற்பரப்பில் கசிந்ததைத் துடைக்காமல் அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோனால், பந்து தன் எண்ணெயிலேயே வழுக்கும். பெருவிரல் துளையின் விளிம்பில் முடியளவு ஒரு விரிசலும் இருந்தது. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் இப்படி வரும். நகத்தால் வருடினேன், தட்டுப்படவில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டு கவனித்து வரச் சொன்னேன்.

அடுத்தது தடம். இப்படி வளையும் பந்தில் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் வளையம் சற்றுத் தள்ளித் தள்ளி விழும். பெருவிரல் துளைக்குப் பக்கத்தில் அந்த வளையங்கள் விழும் பட்டையில் பந்து பளபளவென்று மின்னியது. மற்ற இடம் இன்னும் மங்கலாகவே இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எல்லைகூடத் தெரிந்தது. 2000 எண் மேற்பரப்பு அங்கே தேய்ந்து மழுங்கிவிட்டது. தரையைத் தொடுவது அந்தப் பட்டைதான், அதுவே மழுங்கினால் எண்ணெயைக் கிழித்துத் தரையைப் பிடிக்க முடியாது. பந்தின் மேல் சொல்லக்கூடிய குற்றம் இது ஒன்றுதான். இரண்டாவது லேனில் தப்பான போர்டோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

எண்ணெய் எடுக்க அடுப்படியிலிருந்து அண்டாவைக் கேட்டு வாங்கினோம். விரல்துளைகளை டேப்பால் அடைத்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டோம். கொதிநீர் கூடவே கூடாது. 60 டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே மேலோடு கெட்டுப்போகும். பந்து மூழ்கி அடியில் உட்கார்ந்தது. (எல்லாப் பந்தும் ஒரே பருமன்தான், அதனால் 11 பவுண்டு பந்து தண்ணீரில் மிதக்கும், 15 பவுண்டு மூழ்கும். லாத்தாவின் பேரப்பிள்ளைகள் இதை நம்பவில்லை, காட்ட என்னிடம் 11 பவுண்டு பந்தும் இல்லை.) கொஞ்ச நேரத்தில் மேலோட்டில் வியர்வை மணிகளாக எண்ணெய் துளிர்த்துப் பிரிந்து மேலே வந்தது. துடைத்து, தண்ணீரை மாற்றி, மறுபடியும் ஊறவைத்தோம். துளிர்ப்பது நின்ற பிறகு ஒரு நாள் நிழலில் காயவிட்டோம்.

பிறகு 1000 எண் பேடை நனைத்து, பந்தை ஆறு பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நேரம், ஒரே அழுத்தம் கொடுத்துத் தேய்த்தோம். திண்ணையில் உட்கார்ந்து செய்யலாம் என்றுதான் நினைத்தோம். கச்சான் காற்று வாசல் மணலை வாரி இறைத்தது. பேடுக்கு அடியில் ஒரு மணல் சிக்கினாலும் ஆழமாகக் கீறிவிடும் என்பதால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். முடித்தபோது பந்து முழுக்க ஒரே மங்கல். அந்தப் பளபளப்புப் பட்டை எங்கே இருந்தது என்று தேடினாலும் தெரியவில்லை.

1000க்கு இறக்கியது நீள எண்ணெய்க்காக மட்டுமே. சொரசொரப்பு கூடினால் பந்து சீக்கிரம் பிடிக்கும். 44 அடிக்கு அது நல்லது, இரவு நேரக் காய்ந்த லேனில் அதுவே கெடுதல். போட்டி தொடங்கிய பிறகு மேற்பரப்பைத் தேய்க்க விதி இடம் கொடுப்பதில்லை. உலர்ந்த துண்டால் துடைக்கலாம், அவ்வளவுதான். எனவே எண்ணெய் வரைபடத்தை வாங்கிப் பார்த்த பிறகே எந்த எண் பேட் என்று முடிவு செய்ய வேண்டும்.

திரும்பிப் போன பிறகு

துபாய் போனதும் அதே சென்டரில் நீள பேட்டர்ன் போட்ட ஒரு பயிற்சி நேரத்தில் ஆடி வீடியோ அனுப்பினான். இந்த முறை பதின்மூன்றாவது போர்டைக் குறி வைத்திருந்தான். 44 அடி தாண்டியதும் பந்து திரும்பியது, கடைசிப் பத்தடியிலும் திரும்பிக்கொண்டே இருந்தது. 200 வரவில்லை. ஸ்போர்ட் பேட்டர்னில் அவன் துல்லியத்துக்கு அது வரவும் வராது, இன்னும் பயிற்சி வேண்டும். ஆனால் பட்டியலில் 2ஆம் பின் அரிதாகிவிட்டது. நின்றவை பெரும்பாலும் ஒற்றைப் பின்கள், இரண்டாவது பந்தில் சாய்த்து ஸ்பேர் எடுக்கக்கூடியவை.

இரவு ஆட்டத்தில் இடப்பக்கம் நகரக் கற்றுக்கொண்டான். 10ஆம் பின் முதல் தடவை நின்றதும் 6ஆம் பின் எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறான், கட்டரில் கிடந்தால் உடனே நகர்கிறான். புதுப்பந்துக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பந்து வாங்கினான். 10ஆம் பின் ஸ்பேருக்கும் காய்ந்த லேனுக்கும் அதுதான். ரியாக்டிவ் பந்தை இப்போது காரில் விடுவதில்லை. ஆட்டம் முடிந்த கையோடு, மேலோடு சூடாக இருக்கும்போதே துடைத்துவிடுகிறான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. அடுத்து அவன் ஆட இருக்கும் போட்டிக்கு 34 அடி குட்டை பேட்டர்ன் என்று சொல்லியிருக்கிறார்கள். 31 கணக்குப்படி மூன்றாவது போர்டு, அதாவது கட்டருக்குப் பக்கத்திலேயே ஆட வேண்டும். அங்கே இந்தப் பந்தை 4000 எண் பேடில் தேய்த்து, பாலிஷும் போட்டு ஆடலாம் என்கிறான் அவன். நான் யூரித்தேன் என்ற வேறு வகை மேலோடு உள்ள பந்தை இரவல் வாங்கு என்கிறேன். அது சீக்கிரம் பிடித்தாலும் நிதானமாக வளையும், குட்டை எண்ணெயில் சட்டென்று திரும்பிப் பயமுறுத்தாது. பயிற்சி நேரத்தில் இரண்டையும் விட்டுப் பார்த்து, நின்ற பின்களின் பட்டியலை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.